ஊத்துக்குட்டைக் கூனி

காலை ஐந்து ஐம்பத்திரண்டு. கடலூரில் ரயிலை விட்டு இறங்கி வெளியே வந்ததும் முதலில் கண்ணில் பட்டது, சாலையின் இரண்டு ஓரத்திலும் கயிறு பிடித்துப் போட்டது போல நேராக ஓடிய வெள்ளைக் கோடு. கோலமாவு என்று நினைத்தேன். நாலடி நடந்ததும் மூக்கு சொல்லிவிட்டது: பிளீச்சிங் பவுடர்.

"யார் வருகிறார்கள்?" என்று ஆட்டோக்காரரிடம் கேட்டேன்.

"தெரியல சார். கோடு போட்டிருக்காங்கன்னா யாரோ வர்றாங்கன்னு அர்த்தம்" என்றார். சற்றுத் தூரம் போனதும், "சில நேரம் வரவே மாட்டாங்க. கோடு மட்டும் இருக்கும்" என்று சேர்த்துக்கொண்டார்.

சிங்கப்பூரில் யார் வந்தாலும் சாலை நேற்று இருந்தது போலவேதான் இருக்கும். அதனால் கோட்டைப் பற்றிக் குறிப்பேட்டில் இரண்டு வரி எழுதிக்கொண்டேன்.

வந்த வேலை சிறியது. எங்கள் ஊரில் நண்பர் ஒருவர் இயற்கையைப் பற்றி ஒரு தமிழ்க் காலாண்டிதழ் நடத்துகிறார். நாளிதழில் என்னோடு செய்தி திருத்தியவர். நன்னீர் இறால்களுக்கென்று ஒரு சிறப்பிதழ் போடுகிறார். "புலி குறைந்தால் எண்ணிச் சொல்ல ஆள் இருக்கிறது. ஓடையில் நகக்கண் அளவு இருக்கும் இறால் போய்விட்டால், போய்விட்டது என்று சொல்லக்கூட ஆள் இல்லை. அப்படி ஒன்றை நேரில் பார்த்து எழுது" என்றார். கடலூர்ப் பக்கம் செம்மண் மேட்டின் அடிவாரத்தில், ஓர் ஊற்றுக்குட்டையில் அப்படி ஓர் இறால் இருப்பதாகவும், சிதம்பரத்தில் விலங்கியல் கற்பிக்கும் ஸ்டெல்லா என்பவர் சில ஆண்டுகளாக அதைப் பின்தொடர்வதாகவும் அவர் கேள்விப்பட்டிருந்தார். எனக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான்.

ரயிலடியிலிருந்தே ஸ்டெல்லாவை அழைத்தேன். கடலூரில்தானே இருக்கிறேன், இன்றே குட்டையைப் பார்த்துவிடலாமா என்று கேட்டேன்.

"இடத்த போன்ல சொல்ல மாட்டேன் சார். நாளைக்குச் சிதம்பரம் வாங்க. மொதல்ல உங்கள நான் பாக்கணும். அப்பறம் அது உங்களப் பாக்கட்டும்."

அன்றைய பகல் துறைமுகத்தில் கழிந்தது. நீலத் தொட்டிகளில் கடல் இறால் ஐஸோடு வந்து இறங்கியது. வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்கள் பேச்சை நிறுத்தாமல் தலை கிள்ளிக்கொண்டிருந்தார்கள். படம் எடுக்கக் குனிந்த என் செருப்பின் மேல் ஒருவர் ஐஸ் தண்ணீரைக் கொட்டினார். "கொஞ்சம் தள்ளி நில்லு மாமா. எறா படத்துல நல்லா வுழும். நீ எதுக்கு நடுவுல?" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

மதியம் ஒரு மெஸ்ஸில் சோற்றோடு சென்னாக்கூனிப் பொரியல் வைத்தார்கள். கடலில் வலைக்கு வரும் மிகச் சிறிய இறாலைக் காயவைத்து, வெங்காயம் போட்டு வறுப்பது. ஒரு கரண்டியில் சில நூறு இருக்கும். சிங்கப்பூரில் இதே அளவு இறாலைக் கடைத்தொகுதியின் மூன்றாம் மாடியில் கண்ணாடித் தொட்டிக்குள் விட்டு, விளக்குப் போட்டு, ஒவ்வொன்றாக விற்கிறார்கள். பரிமாறியவரிடம் ஆற்று இறால் கிடைக்குமா என்று கேட்டேன்.

"மீசை நீளமா ஒண்ணு வரும் சார், பெண்ணையாத்துல. எங்க கல்லாப்பெட்டிக்காரரு கல்யாணத்துக்குப் போட்டது. அவரு பொண்ணுக்கே இப்ப கல்யாணம் ஆயிருச்சு. கூனி இன்னும் கொஞ்சம் வைக்கவா?"

மறுநாள் சிதம்பரத்துக்குப் பேருந்தில் போனேன். நெடுஞ்சாலை வேலை நடப்பதால் வண்டி பக்கத்துச் சாலையில் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. என் மடியில் முன்பின் தெரியாத ஒரு பெண்மணி தன் கட்டைப்பையை வைத்துவிட்டு, நின்றபடியே சிதம்பரம் வரை வந்தார். எங்கள் ஊரில் இதற்கு அனுமதி கேட்பார்கள். இங்கே இறங்கும்போது, "பை கனமா இருந்துச்சா?" என்று கேட்டார்.

ஸ்டெல்லாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். ஆண்டுக்கு ஆண்டு நீட்டிக்கப்படும் வேலை. குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் தான்தான் என்று சொன்னார். அதைச் சொல்லிவிட்டு உடனே என் கைப்பேசியைக் கேட்டார். வாங்கி, படத்தோடு இடத்தைப் பதிவு செய்யும் வசதியை அணைத்த பிறகுதான் காப்பி வந்தது.

"கோச்சுக்காதீங்க சார். ஒரு படம் போதும். அடுத்த வாரம் நாலு பேரு வலையும் பாலித்தீன் கவரும் எடுத்துட்டு வந்து நிப்பாங்க. தொட்டில வளக்குறவங்களுக்கு புதுசா ஒண்ணு கெடைச்சா விட மாட்டாங்க."

மாடியில் தகரக் கூரைக்குக் கீழே மூன்று சிமெண்டுத் தொட்டிகள் இருந்தன. மூன்றிலும் தெளிந்த தண்ணீர், கொஞ்சம் பாசி. உள்ளே எதுவும் இல்லை.

அவர் விளக்கினார். மீசை நீண்ட ஆற்று இறால் முட்டை பொரிக்க முகத்துவாரம் வரை போகும். குஞ்சுகள் உப்புத் தண்ணீரில் வளர்ந்து மறுபடி ஆற்றில் ஏறும். தடுப்பணை கட்டினால் அதற்குக் கஷ்டம்தான், ஆனாலும் வேறு ஆறு இருக்கிறது. ஊற்றுக்குட்டையில் இருக்கும் இந்தக் கூனி அப்படியில்லை. விரல் நகத்தைவிடச் சற்று நீளம். கண்ணாடி போல உடம்பு. முட்டை இருபது, முப்பதுதான். அதை வயிற்றிலேயே ஒட்டவைத்துக்கொண்டு திரியும். குஞ்சு பொரிந்ததும் தாயைப் போலவே முழு உருவத்தில் கீழே விழும். கடலுக்குப் போகத் தேவையில்லை, போகவும் தெரியாது. அந்த ஊற்றுதான் அதற்கு உலகம்.

"மேட்டைச் சுத்தி எனக்குத் தெரிஞ்ச ஊத்தெல்லாம் பாத்துட்டேன். பாதி ஊத்து போர்வெல் போட்டதுல நின்னுபோச்சு. மீதில இது இல்ல. வேற எங்கயாச்சும் இருக்கலாம். நான் பாக்கல, அவ்ளோதான் சொல்ல முடியும்."

அழியும் உயிர்களின் பட்டியலில் இப்படிப்பட்டவற்றைப் பெரும்பாலும் 'தகவல் போதாது' என்ற கட்டத்தில் போட்டுவிடுவார்கள் என்றார். தகவல் போதாத ஒன்றுக்கு வேலியும் போட மாட்டார்கள், காவலும் வைக்க மாட்டார்கள்.

தொட்டிகள் ஏன் காலி என்று கேட்டேன்.

"போன வெயில்ல கரெண்டு போயி ஒரு மதியத்துல பாதி செத்துருச்சு. மிச்சத்தப் போன மாசம் கொண்டுபோயி குட்டையிலயே வுட்டுட்டேன். என் வூட்டவிட அது பத்திரம்னு தோணுச்சு."

மாலையில் அவர் அந்த ஊர் ஊராட்சிச் செயலரை அழைத்துப் பேசினார். ஊரில் அவரை எல்லாரும் கிளார்க் என்றே கூப்பிடுகிறார்கள், பெயர் பாஸ்கர். "சிங்கப்பூர்ல இருந்து ஒரு பேப்பர்காரர் வந்திருக்காரு சார். நாளைக்கு உங்க ஊத்துக்குட்டைய ஒரு எட்டு பாத்துட்டுப் போயிடுவோம். ஒண்ணும் ஏற்பாடு வேணாம்." இறாலைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நான் அதைக் கவனித்தேன்.

"ஊரில் யாருக்கும் தெரியாதா?"

"தெரியாது. தெரிஞ்சா ஒருத்தர்ட்ட சொல்லுவாங்க, அவுங்க இன்னொருத்தர்ட்ட சொல்லுவாங்க. குட்டையில என்னா எடுக்குறன்னு கேட்டா, தண்ணி டெஸ்ட் பண்றேன்னு சொல்லிருவேன்."

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஸ்டெல்லா வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வாசலில் எழில் தன் குட்டியானையோடு நின்றார். குட்டியானை என்பது இங்கே சின்ன லோடு வண்டி. கிள்ளைப் பக்கத்து இறால் பண்ணைகளுக்குத் தீவனம் ஏற்றிப்போகும் பக்கத்து வீட்டுக்காரர். ஞாயிறு லோடு இல்லாததால் எங்களைக் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லியிருந்தார்.

எட்டு இருபதுக்கு ஸ்டெல்லாவின் போன் அடித்தது. கிளார்க். ஸ்டெல்லா அதை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுச் சட்னி ஊற்றினார்.

"எல்லாம் ரெடி மேடம். காலைல ஆறு மணிக்கே ஆள் வுட்டு பாசியெல்லாம் வாரிட்டேன். வழி நெடுக கோடு போட்டாச்சு. குட்டை இப்ப பளிச்சுனு இருக்குது."

ஸ்டெல்லாவின் கை நின்றது. "தண்ணிக்குள்ள ஏதாச்சும் போட்டீங்களா சார்?"

"பவுடர்தான். வாடை வரக் கூடாதில்ல? ரெண்டு முறம் அள்ளிப் போடச் சொன்னேன். வெளியூர்ல இருந்து பெரிய மனுஷர் வர்றாரே."

"எப்ப போட்டீங்க?"

"அரை மணி இருக்கும்."

"சார், இனிமே எதையும் தொடாதீங்க. எதையும். அப்படியே வுட்டுடுங்க, நான் வந்துட்டே இருக்கேன்" என்றார். அந்தப் பக்கம், "ஏன் மேடம், டிராக்டர் வேற வரச் சொல்லியிருக்கேனே" என்று ஏதோ கேட்டது. "டிராக்டரும் வேணாம்" என்று கத்தினார். தொடர்பு அறுந்தது. மறுபடி அழைத்தபோது தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது.

குளோரின் பட்டால் கூனி எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டேன். ஸ்டெல்லா சட்னிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். கல்லூரி ஆய்வகத்தில் குளோரினை முறிக்கும் மருந்து உண்டு. ஞாயிறு பூட்டியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவர் சொன்ன வேதிப்பெயர் எனக்குப் புரிந்தது. பழைய நாளிதழ் இருட்டறையில் படம் கழுவ அதைத்தான் கரைப்போம். "ஹைப்போ" என்றேன்.

வாசலிலிருந்து எழில் எட்டிப் பார்த்தார். "ஹைப்போவா? எறாக் குஞ்சு வளக்குற எடத்துல போடுவாங்களே, அந்தக் கல்லுதான? தீவனக் கடையில மூட்டையா கெடக்குதுக்கா."

"கடை பத்து மணிக்குத்தானேடா தெறப்பாங்க?"

"எங்க மாமாதான் கடைக்காரரு. எழுப்புறேன்." போனைக் காதில் வைத்தார். "மாமா, தூங்குனது போதும். சாவிய எடுத்துட்டு வா. சீரியஸ் கேஸு. ஆளு இல்ல மாமா, எறா."

எட்டு ஐம்பதுக்கு ஐந்து கிலோ ஹைப்போவும், தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று பார்க்கும் சொட்டுமருந்துக் குப்பியும் கிடைத்தன. லுங்கியோடு வந்து கடை திறந்த மாமா, எத்தனை ஏக்கர் பண்ணை என்று கேட்டார். ஒரு லாரி நீளக் குட்டை என்று ஸ்டெல்லா சொன்னதும், என்னைப் பார்த்தார். "வெளிநாட்டுப் பண்ணையா?" என்றார்.

முன் இருக்கையில் மூன்று பேர். காலுக்கடியில் இரண்டு வாளி, மடியில் ஹைப்போ. ஸ்டெல்லா கணக்குப் போட்டபடி வந்தார். ஊற்றிலிருந்து புதுத் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும்; ஊற்றுக்கண் பக்கத்தில் மருந்து நீர்த்துப் போயிருக்கலாம்; கூனிகள் அங்கே ஒதுங்கியிருக்கலாம். 'லாம்' என்று முடியும் வாக்கியங்களாகவே சொன்னார்.

சாலை வேலை நடக்கும் இடத்தில் பின் சக்கரம் ஆணி ஏறி உட்கார்ந்துவிட்டது. ஒன்பது இருபத்தைந்து. எழில் இறங்கிப் பார்த்தார். மாற்றுச் சக்கரம் நேற்று பஞ்சர் கடையில் கொடுத்தது, இன்னும் வாங்கவில்லை.

"திட்டுறதுன்னா அப்பறம் திட்டுக்கா. தோ பஸ்ஸு வருது, கையக் காட்டு."

பேருந்து நின்றது. நடத்துநர் மூட்டையைப் பார்த்ததும் படியை மறித்தார். "கெமிக்கலெல்லாம் ஏத்த முடியாதும்மா."

"மருந்துங்க. எறாவுக்கு."

"எறாவுக்கு என்னா, காய்ச்சலா?"

"ஆமாங்க. சாவக் கெடக்குது."

நடத்துநர் ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு விசிலை ஊதினார். உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து, மூட்டையைத் தன் இருக்கையில் வைக்கச் சொன்னார். அது கரைந்துவிடும், கீழே தண்ணீர் சிந்தியிருக்கிறது என்பது அவர் கவலை.

பேருந்து நிறுத்தத்திலிருந்து ஆட்டோ. ஊர் எல்லையில் வெள்ளைக் கோடு தொடங்கியது. இரண்டு பக்கமும், ஒரு வளைவில்கூடப் பிசகாமல், முந்திரித் தோப்பைத் தாண்டிக் குட்டை வரை போனது. எனக்காகப் போட்ட கோடு.

பத்து ஐம்பது. புங்கமரத்தடியில் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஸ்டூலில் இளநீர். வெள்ளைச் சட்டையில் கிளார்க் பாஸ்கர் சால்வையோடு முன்னால் வந்தார். ஸ்டெல்லா அவரைச் சுற்றிக்கொண்டு ஓடினார். சால்வை என் தோளில் விழுந்தது. யாரோ கைப்பேசியில் படம் எடுத்தார்கள்.

குட்டை உண்மையிலேயே அழகாக இருந்தது. செம்பாறாங்கல் அடுக்கிய கரை. ஒரு மூலையில் கல்லுக்கடியிலிருந்து ஊற்று கொப்பளித்தது. தண்ணீரில் ஒரு செடி இல்லை, ஒரு தூசி இல்லை. அடிமணல் எண்ணும்படி தெரிந்தது. மணலின் மேல் அரிசிக் குருணை சிந்தியது போல வெள்ளையாகக் கிடந்தன. உயிரோடு இருக்கும்போது கண்ணாடியாக இருப்பது செத்தால் வெள்ளையாகிவிடும் என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

ஸ்டெல்லா குப்பியில் தண்ணீர் மொண்டு ஒரு சொட்டு மருந்து விட்டார். பழுப்பேறிய மஞ்சள்: குளோரின் இருக்கிறது. ஹைப்போவைக் கரைத்து ஊற்றினோம். மறுபடி சொட்டு. மஞ்சள். மறுபடி. ஐந்தாவது முறை தண்ணீர் நிறம் மாறவில்லை. ஊற்றுக்கண்ணுக்கு நேரே முழங்கால் அளவு நீரில் இறங்கி, கல்லிடுக்கில் எல்லாம் கைவலையை விட்டுப் பார்த்தார். நாற்பது நிமிடம் பார்த்தார். வலையில் வந்தவை எல்லாம் வெள்ளை.

"என்னா மேடம் தேடுறீங்க?" என்று கிளார்க் கரையிலிருந்து கேட்டார். குரலில் பயம் வந்திருந்தது.

ஸ்டெல்லா செத்த ஒன்றை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். "இது. உலகத்துல எனக்குத் தெரிஞ்சு இந்தக் குட்டையில மட்டும்தான் இருந்துச்சு."

கிளார்க் குனிந்து பார்த்தார். "இத எனக்குச் சொல்லவே இல்லையே மேடம். அஞ்சாறு வருஷமா வர்றீங்க. தண்ணி டெஸ்டுன்னுதான சொன்னீங்க? சொல்லியிருந்தா நான் ஒரு பிடி பவுடர் போட வுட்டிருப்பனா?"

ஸ்டெல்லா கரையில் உட்கார்ந்துவிட்டார். நான் தோளிலிருந்த சால்வையை எடுத்து மடித்தேன். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

தூய்மைக் காவலர் சேலைக்கு மேல் பச்சை மேல்சட்டை போட்ட ஒரு பெண் அதுவரை தள்ளி நின்றிருந்தார். பெயர் தனம். காலையில் பாசி வாரியதும், பவுடர் போட்டதும் அவர்தான். இப்போது அருகில் வந்து ஸ்டெல்லாவின் கையை எட்டிப் பார்த்தார்.

"இதுவா? இது துள்ளுமா?"

"துள்ளும்."

"காலைல பாசி வாரும்போது கையில துள்ளிட்டே இருந்துச்சே. நான் ஏதோ பூச்சின்னு நெனச்சேன்."

ஸ்டெல்லா தலையை நிமிர்த்தினார். "அந்தப் பாசி எங்கக்கா?"

தனம் கிளார்க்கைப் பார்த்தார். கிளார்க் தயங்கினார். நாற்காலிகளுக்குப் பின்னால், மரத்தின் அந்தப் பக்கம் கை காட்டினார். "டிராக்டர் வந்து அள்ளிட்டுப் போயிருக்கும். நீங்கதான் வேணாம்னீங்க. சாருக்குக் குப்பை தெரியக் கூடாதுன்னு மூடி வச்சிருக்கேன்."

பழைய ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்றைப் போட்டு நான்கு மூலையிலும் கல் வைத்திருந்தார்கள். மஞ்சள் நீராட்டு விழா பேனர். ஒரு சிறுமி கிரீடத்தோடு வானத்தைப் பார்த்துச் சிரித்தாள். கல்லைத் தள்ளிப் பேனரைத் தூக்கினோம். இடுப்பளவு வேலம்பாசிக் குவியல். மேல் அடுக்கு வாடியிருந்தது. ஸ்டெல்லா முழங்கை வரை கையை உள்ளே விட்டார். வெளியே எடுத்தபோது பாசியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவர் விரிந்த விரல்களுக்கிடையே ஏதோ ஒன்று சுண்டிவிட்டது போல எகிறி என் சட்டையில் விழுந்தது.

"அசையாதீங்க சார்!" என்றார்கள் ஸ்டெல்லாவும் தனமும் ஒரே நேரத்தில்.

ஊற்றுக்கண்ணில் வாளியை வைத்து நேராகப் பிடித்த தண்ணீர். சொட்டு விட்டுப் பார்த்தோம், நிறம் மாறவில்லை. பிறகு குவியலை வெயில் படாமல் பிடிபிடியாக எடுத்து வாளியில் உதறத் தொடங்கினோம். வேகமாக எடுத்தால் நசுங்கும். மெதுவாக எடுத்தால் உள்ளே இருப்பது காயும். கிளார்க் வெள்ளைச் சட்டையைக் கழற்றிவிட்டு, பனியனோடு, அதே பேனரை எங்கள் தலைக்கு மேல் நிழலாகப் பிடித்துக்கொண்டு நின்றார். பன்னிரண்டு மணிக்கு எழில் இரவல் பைக்கில் வந்து சேர்ந்தார். "மச்சான் மாருங்க யாரையாச்சும் கூப்புடவா?" என்றார். நாலு பேருக்கு மேல் வேண்டாம் என்றார் ஸ்டெல்லா.

தனத்தின் விரல்தான் எங்கள் எல்லோரையும்விட வேகம். நாங்கள் கண்ணால் தேடினோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு பாசியைத் தடவினார். "தோ. தோ இன்னொன்னு. இது செத்துருச்சு. இது இருக்குது, அடம் புடிக்குது பாரு." ஒருமுறை நிறுத்தி, "மேடம், இதுக்கு வயித்துல பச்சையா என்னமோ ஒட்டியிருக்குதே, அழுக்கா?" என்று கேட்டார்.

"முட்டைக்கா. அத மட்டும் இந்த வாளில வுடுங்க. மெதுவா."

"மாசமா இருக்குதா?" தனம் அதற்குப் பிறகு சத்தமாகப் பேசவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குக் கிளார்க் ஏற்பாடு செய்திருந்த பிரியாணி மூன்று மணிக்குத் தூக்குவாளியிலேயே ஆறிப்போயிருந்தது. நின்றபடி இரண்டு வாய் சாப்பிட்டோம். இளநீர் நன்றாக இருந்தது.

கடைசிக் கைப்பிடிப் பாசியை உதறியபோது மணி நான்கு பத்து. ஐம்பத்தெட்டு. அவற்றில் முட்டையோடு ஏழு.

அடுத்த சிக்கல், எங்கே விடுவது. குட்டையில் குளோரின் போய்விட்டது. பாசியும் போய்விட்டது, தின்ன ஒன்றும் இல்லை. சிதம்பரம் தொட்டியில் போன வெயிலில் நடந்தது ஸ்டெல்லாவுக்குத் தெரியும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்க அவர் துணியவில்லை. ஊராட்சியின் நீல டிரம் ஒன்றைக் கிளார்க் கொண்டுவரச் சொன்னார். அதில் முன்பு என்ன இருந்தது என்று ஸ்டெல்லா கேட்டார்.

"பிளீச்சிங் பவுடர்தான்" என்றார் கிளார்க். சொல்லி முடித்ததும் அவரே தலையில் அடித்துக்கொண்டார்.

தனம் தன் வீட்டிலிருந்து மாட்டுத்தொட்டியை உருட்டிவந்தார். மாடு விற்று இரண்டு வருடமாகிறது, தண்ணீரைத் தவிர வேறெதுவும் பட்டதில்லை என்றார். தேங்காய் நாரால் நான்கு முறை தேய்த்துக் கழுவி, மரத்தடியில் வைத்து, ஊற்றுக்கண்ணிலிருந்து ஒரு குழாயை இழுத்து விட்டோம். பாசி போட்டோம். முப்பத்தைந்து அங்கே. இருபத்துமூன்று வாளியில், எங்களோடு. முட்டை உள்ளவற்றில் நான்கு தனத்திடம், மூன்று ஸ்டெல்லாவிடம்.

கிளம்பும்போது கிளார்க் என்னைத் தனியே அழைத்தார். "இதெல்லாம் எழுதுவீங்களா சார்?"

நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவர் தனத்துக்குத் தன் கைப்பேசி எண்ணைக் கொடுத்துக்கொண்டிருந்தார். திரும்பி, "எழுதுங்க சார். நான் சொல்லாம வச்சிருந்ததையும் சேத்து எழுதுங்க. ஊரு பேரு மட்டும் வேணாம்" என்றார்.

சிதம்பரம் திரும்பும் பேருந்தில் வாளி என் மடியில் இருந்தது. ஒவ்வொரு வேகத்தடைக்கும் ஸ்டெல்லா வாளியின் விளிம்பைப் பிடித்தார். பின் இருக்கைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னாங்க, வெறுந்தண்ணிய இவ்ளோ பத்திரமா தூக்கிட்டுப் போறீங்க?" என்று கேட்டார். ஸ்டெல்லா வாளியை அவர் பக்கம் சற்றுச் சாய்த்து, எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டினார். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தன் மனைவியையும் எழுப்பிக் காட்டினார்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, உயிரோடு இருப்பதாகத் தனம் போனில் சொன்ன எண்ணிக்கை இருபத்திரண்டு. ஸ்டெல்லாவின் தொட்டியில் பதினொன்று. முட்டையோடு இருந்தவை, இரண்டு இடத்திலும் சேர்த்து, மூன்று.